கோட்டூர்புரம் நூலகத்தின் இரண்டாம் தளம்: அவசரமில்லாமல் புத்தகம் பொறுக்க ஓர் இடம்

அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எட்டு ஏக்கர் மனை, ஒன்பது தளம், நெடிய கண்ணாடி முகப்பு, 12 லட்சம் புத்தகங்கள் வைக்க இடம். எல்லாம் உண்மை. பார்க்க வேண்டிய கட்டடம்தான். நான் சொல்ல வந்தது வேறு. அடுத்து எதைப் படிப்பது என்று தெரியாமல் நிற்கிற ஒரு வாசகிக்கு, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுக்க, சென்னையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்குப் பார்த்துத் தருகிறேன். பக்கக் கணக்கில்தான் கூலி. நாள் முழுக்கப் படிப்பேன். ஆனால் எனக்குப் பிடித்ததைப் படிக்க மாட்டேன், வந்ததைப் படிப்பேன். அதனால் எனக்கென்று படிக்க ஒரு புத்தகம் எடுக்கும்போது கொஞ்சம் பேராசை வந்துவிடுகிறது. அது நன்றாக இருந்தே ஆக வேண்டும். இன்றைக்கு ஒரு நடுத்தரத் தமிழ் நாவல் முன்னூறு, நானூறு ரூபாய். கடையில் நின்று பின்னட்டையையும் முதல் பத்தியையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கடைக்காரர் எத்தனை நல்லவராக இருந்தாலும் ஐம்பது பக்கம் படித்துவிட்டு, "வேண்டாங்க" என்று திருப்பி வைக்க மனசு வராது. நூலகத்தில் அது முடியும். வேண்டாம் என்று வைத்துவிடும் உரிமைதான் எனக்கு நூலகம் கொடுக்கிற பெரிய சுகம். காசுள்ளவர்களுக்கு அந்த உரிமை எங்கும் இருக்கிறது. மற்றவர்களுக்கு இந்த மாதிரி இடத்தில்தான் கிடைக்கிறது.

போகிற வழி சுலபம். திருவல்லிக்கேணியில் வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் ஏறினால், மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை தாண்டி, அடையாற்றைக் கடந்ததும் கோட்டூர்புரம். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மதியம் போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள். வாசலில் அண்ணா சிலை. உள்ளே பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். குறிப்பெடுக்க நோட்டும் பேனாவும் மட்டும் கையில் எடுத்துக்கொண்டால் போதும். உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.

என் அண்ணன் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது; அவள் இடம் அது. காலையிலேயே போனால்தான் நாற்காலி. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அதுதான் படிப்பறை. அறையில் நாலு பேர் இருந்தால் எங்கே படிப்பது? அந்தப் பகுதியைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கட்டடத்துக்குச் செலவழித்த காசு வீண் இல்லை என்று எனக்குத் தோன்றும். பார்வையற்றவர்களுக்கான பிரெயில் பகுதியும் தரைத்தளத்திலேயே இருக்கிறது. அவர்களை மாடி ஏறவிடாமல் கீழேயே இடம் ஒதுக்கிய யோசனை நல்ல யோசனை.

"அத்தை, ஒரு மணிக்கு வாசல்ல வந்து நில்லுங்க, சாப்பிடப் போலாம். மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். நான் லிஃப்டைப் பிடிப்பேன்.

முதல் தளம் குழந்தைகளுக்கு. நடுவில் பெரிய செயற்கை மரம், சுற்றிலும் தாழ்வான அலமாரிகள். குழந்தையோடு வருகிறவர்கள் அங்கேயே அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மேலே போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எனக்கு வேண்டியது இரண்டாம் தளம். அது முழுக்கத் தமிழ்.

முழுக்கத் தமிழ் என்று சொல்வது எளிது. நேரில் நின்று பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. புத்தகக் காட்சியில் நாம் பார்ப்பது இந்த ஆண்டும் சென்ற ஆண்டும் அச்சானவை. இங்கே அதற்கு முன்னால் வந்து, மறுபதிப்புக் காணாமல் போனவையும் அதே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வேளாண்மை, சித்த மருத்துவம், நாட்டார் வழக்காறு, ஊர் வரலாறு, கடிதங்கள், மொழிபெயர்ப்பு என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் திறந்த அலமாரி. யாரையும் கேட்க வேண்டாம், சீட்டு எழுத வேண்டாம். கையை நீட்டி எடுக்கலாம்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சின்ன வயதில் நான் போன ஒரு கிளை நூலகத்தில் அலமாரிகளுக்குப் பூட்டு இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக முதுகைப் படித்துவிட்டுப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத புத்தகத்தை எப்படிக் கேட்பது? எனக்குத் தெரிந்த பெயர்களையே திரும்பத் திரும்பக் கேட்டேன். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். 1931இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் நூலுக்கு அந்த வாசகர் எப்படிக் கிடைப்பார்? ரங்கநாதன் அலமாரிகளைத் திறந்து வைக்கச் சொன்னதன் நியாயம் இந்தத் தளத்தில் நடந்தால் புரியும். தேடிப் போகாத புத்தகம்தான் இங்கே கைக்கு வரும்.

நான் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒத்துவராமல் போகலாம். எனக்கு இது தொழில் கற்றுக்கொடுத்தது.

முதல் சுற்றில் எதையும் எடுப்பதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லா வரிசையையும் ஒரு முறை நடந்துவிடுவேன். இரண்டாம் சுற்றில் ஆறு புத்தகங்கள் எடுப்பேன். ஆறும் ஒரே வகையாக இருக்கக் கூடாது; இரண்டாவது, எனக்குக் கொஞ்சமும் தெரியாத விஷயம் ஒன்றாவது இருக்க வேண்டும். எடுத்ததும் அட்டையைப் பார்ப்பதில்லை. உள்ளே, தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம். முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாம் பதிப்பு, திருத்திய பதிப்பா வெறும் மறு அச்சா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பழைய நூலை மறுபடி போடும்போது முதற்பதிப்பு ஆண்டைக் குறிப்பிடாமல் விடுகிற பதிப்பகத்தை நான் நம்புவதில்லை. பிறகு கடைசிப் பக்கம். கட்டுரை நூலாக இருந்தால் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அகரவரிசைப் பட்டியல், இருக்கிறதா என்று பார்ப்பேன். முந்நூறு பக்க வரலாற்று நூலுக்குச் சொல்லடைவு இல்லையென்றால், அதை ஒரு முறை படிக்கலாம்; மறுபடி அதில் எதையும் தேட முடியாது. தமிழில் இந்தக் குறை இன்னும் நிறைய. பதிப்பகத்தார் காதில் விழட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்புறம் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்து, நடுவில் எங்காவது ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், படிப்பேன். தொடக்கத்தைப் படிக்க மாட்டேன். தொடக்கத்தை எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஐந்தாறு முறை திருத்தியிருப்பார்கள். நடுவில்தான் எழுதுகிறவரின் மூச்சு தெரியும்.

சென்ற வாரம் எடுத்தவை இவை. ஒரு புதிய எழுத்தாளரின் தடித்த நாவல். ஒரு மொழிபெயர்ப்பு நாவல். ஒரு சிற்றூரின் வரலாறு. ஏ. கே. செட்டியார் தொகுத்த, தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகள். மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி.

நாவலை வைத்துவிட்டேன். கதை நல்ல கதை. ஆனால் ஒவ்வொரு பாத்திரமும் பேசும்போது ஊர் மாறிவிடுகிறது. ஒரே வீட்டில் அம்மா தஞ்சாவூரும் மகன் கோவையும் பேசுகிறார்கள், காரணமே இல்லாமல். மொழிபெயர்ப்பு வாக்கியங்கள் தமிழில் எழுந்து நடக்கவில்லை. இரண்டு முறை படித்தால்தான் எழுவாய் எதுவென்று தெரிகிறது. பெயர் சொல்லவில்லை, இருவரும் இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவர்கள். ஊர் வரலாறு மட்டும் சொல்லடைவு இல்லாமலும் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏரி மடைக்கு மடை பெயர், தெருவுக்குத் தெரு எந்தத் தறி எந்த ஆண்டு நின்றது என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்திருக்கிறார். இது மாதிரி நூல்கள் அந்த ஊரில் வெளியிட்டு அந்த ஊரிலேயே முடிந்துவிடும். சென்னையில் இரண்டாம் தளத்தில் ஒரு பிரதி நிற்கிறது என்பதே எனக்கு மகிழ்ச்சி.

செட்டியாரின் தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றிப் படச்சுருள் சேகரித்து, 1940இல் அதை வெளியிட்டவர் அவர். தான் உலகம் சுற்றியதை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. தமிழ்நாட்டுக்குள் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் போனவர்கள் பழைய பத்திரிகைகளில் எழுதியதையெல்லாம் தேடிச் சேர்த்தார். குடந்தையில் எந்த விடுதியில் சாப்பாடு, எந்த ஆற்றில் பாலம் இல்லை, எந்தச் சத்திரத்தில் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பது வரைக்கும் இப்படியான பழைய எழுத்தில்தான் நமக்குக் கிடைக்கும். ஒரு ஃபாரம் என்று தொடங்கியவள் நேரம் போனது தெரியாமல் இருந்தேன். இதைத் தேர்ந்துவிட்டேன் என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பற்றி ஆங்கிலத்தில் ஐம்பது ஆண்டுக்கு அருகில் எழுதியவர்; தமிழிலும் எழுதினார். அவர் வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட என்னால் வெட்ட முடியாது. மெய்ப்புப் பார்க்கிறவள் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு அது. பார்த்ததைச் சொல்கிறார், பார்க்காததைச் சொல்வதில்லை. பறவை ஒன்றை வியக்கச் சொல்லி நம்மை வற்புறுத்துவதும் இல்லை.

சொல்லகராதியைப் படிக்க எடுத்தேன் என்றால் என் அண்ணன் மகளுக்குச் சிரிப்பு. "அகராதிய யாராச்சும் கதைப் புத்தகம் மாதிரி படிப்பாங்களா அத்தை?" என்றாள். படிக்கலாம். கி.ரா. அதை வெறும் பொருள் பட்டியலாகச் செய்யவில்லை. தன் ஊரான இடைசெவலைச் சுற்றியுள்ள சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், வாயில் ஒரு சொல் எந்தச் சந்தர்ப்பத்தில் வரும் என்று தெரிந்தவர் செய்த வேலை. நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகச் சொல் பொறுக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் செய்யாத வேலையை ஒரு விவசாயி செய்தார். வரிசையாகப் படிக்காமல் கண்ட பக்கத்தைத் திறந்து நாலு சொல் படித்துவிட்டு மூடி வைப்பேன். மறுபடி திறப்பேன். மெதுவாக ஒரு பகலைக் கழிக்க இதைவிட உகந்த நூல் இல்லை.

இந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. முதல் தொகுதி 1954, பத்தாவது 1968. அதன் பின்னால் இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக அவர் இருந்தபோதுதான் 1948இல் பொது நூலகச் சட்டமும் வந்தது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி என்று சேர்த்து வாங்குகிறார்களே, அதற்கு வேர் அந்தச் சட்டம். வாடகை வீட்டில் இருந்தாலும் வாடகைக்குள் அந்த வரியும் அடங்கியிருக்கிறது. ஆக, இந்த அலமாரியில் நம் எல்லோர் காசும் இருக்கிறது. கூச்சப்படாமல் உட்காருங்கள்.

கலைக்களஞ்சியத்தில் எந்தத் தொகுதியையாவது எடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பாருங்கள். நான் அச்சுக்கலை பற்றிய பகுதியைப் பார்த்தேன். தமிழில் அதுவரை பெயரே இல்லாத நூற்றுக்கணக்கான பொருள்களுக்குச் சொல் தேடிக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். இன்றைக்குச் சில தகவல்கள் பழையவை ஆகிவிட்டன. அந்த உரைநடை பழையதாகவில்லை. குறுக்காமல், குழப்பாமல், படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற ஒரே கவலையோடு எழுதிய தமிழ். பழைய புத்தகக் கடையில் முழுத் தொகுதியாகக் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் என் வீட்டில் வைக்க இடமில்லை.

மேல் தளங்களைப் பற்றி என்னால் விரிவாகச் சொல்ல முடியாது. போய்ப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆங்கில நூல்கள், துறைவாரியாக. மருத்துவமும் பொறியியலும் படிக்கும் மாணவர்கள் அங்கே நிறைய. ஒரே நாளில் எல்லாத் தளமும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். கால் வலிக்கும், ஒரு புத்தகமும் படித்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளுக்கு ஒரு தளம்.

இன்னும் ஒன்று, இது வருகிறவர்களுக்கு. எடுத்த புத்தகத்தை நீங்களாக ஏதோ ஓர் இடுக்கில் செருகாதீர்கள். மேசையிலேயே விட்டுவிடுங்கள், ஊழியர்கள் எடுத்து உரிய இடத்தில் வைப்பார்கள். இடம் மாறிச் செருகிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான். அட்டவணையில் இருக்கும், அலமாரியில் இருக்கும், தேடுகிறவருக்குக் கிடைக்காது. பக்க ஓரத்தில் பென்சில் கோடு போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்கு முக்கியமான வரி அடுத்தவருக்கு முக்கியம் என்று நினைக்காதீர்கள்.

2010 செப்டம்பர் 15 அன்று திறந்த இந்த நூலகத்தை, அடுத்த ஆண்டே இங்கிருந்து மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அரசு அறிவித்தது. வழக்குப் போட்டார்கள்; உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எழுத்தாளர்கள், மாணவர்கள் என்று எத்தனையோ பேர் இதற்காகப் பேசினார்கள். குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதை வேறு இடத்தில் கட்டுங்கள் என்றார்கள். அன்றைக்கு அப்படிப் பேசியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்கள் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து படிக்கும் நாற்காலி இல்லை, செட்டியாரின் தொகுப்பு என் கைக்கு வந்திருக்காது.

யாருக்கு இந்த இடம் ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரத்தில் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு உங்கள் வட்டாரக் கிளை நூலகமே நல்லது. அங்கே உறுப்பினராகி எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ஆள் வந்தால்தான் அதுவும் பிழைக்கும். நான் இங்கே போவது உட்கார்ந்து படிக்கவும் தேர்ந்தெடுக்கவும். தேர்ந்ததில் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றுவதைப் பிறகு கடையில் வாங்குகிறேன். அந்தக் காசு அப்போது உறுத்துவதில்லை. கிருஷ்ணனை அப்படித்தான் வாங்கப்போகிறேன். செட்டியாரை அங்கேயே போய்ப் படித்து முடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும். முடிந்தவர்கள் வார நாளில், காலையில் போங்கள். பண்டிகை, அரசு விடுமுறை நாளில் கிளம்புவதானால் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குளிரூட்டிய கட்டடம், வயதானவர்கள் ஒரு துண்டோ சால்வையோ எடுத்துப்போவது நல்லது. மூக்குக் கண்ணாடியைப் பையோடு சேர்த்துக் கீழே கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை எனக்கு ஏழாம் தளம். வரலாறும் புவியியலும் அங்கே. அந்த ஊர் வரலாற்றுக்காரர் சொல்லும் ஏரியைப் பற்றிப் பழைய ஆங்கில மாவட்டக் கையேடுகளில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.